நாளுக்கு ஒரு லட்சம் தடவை அடிக்கும் வால்வில் கிருமி எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது?

காசிமேடு அக்கா | வெள்ளி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 29 வயது, விசைப்படகில் போகிறான். பத்து வயதில் மூட்டு வீங்கி ருமாட்டிக் காய்ச்சல் வந்தபோது இதயத்தின் மைட்ரல் வால்வு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். 18 வயது வரை 21 நாளுக்கு ஒரு தடவை பெனிடியூர் என்ற பெனிசிலின் ஊசி போட்டோம். கடலுக்குப் போக ஆரம்பித்ததும் அவனும் விட்டுவிட்டான், நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆடி மாதம் கடைசியில் காய்ச்சல் தொடங்கியது. சாயங்காலம் குளிர், ராத்திரி பாய் நனைகிற அளவுக்கு வேர்வை. தெருமுனை கிளினிக்கில் மூன்று தடவை மூன்று விதமான ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிடும்வரை காய்ச்சல் இறங்கும், முடிந்ததும் ஏறும். இப்படியே மூன்றரை வாரம் ஓடிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தபோதுதான் வால்வில் 9 மி.மீ. அளவுக்கு வெஜிடேஷன் என்ற கிருமிக் கட்டி இருப்பது தெரிந்தது. ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் முதல் தடவை எதுவும் வளரவில்லை. மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி எடுத்ததில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் என்று வந்தது. இப்போது நாலு வாரத்துக்கு ஊசி.

டாக்டர் நல்லவர், ஆனால் அவருக்கு நேரமில்லை. "வாயில இருக்கிற கிருமிதாம்மா, வால்வுல போய் ஒட்டிக்கிச்சு" என்றார். அந்த 'ஒட்டிக்கிச்சு'தான் எனக்குப் புரியவில்லை. இதயம் நிமிடத்துக்கு எழுபது தடவை அடிக்கிறது, நாளுக்கு ஒரு லட்சம் தடவை. அத்தனை தடவையும் அந்த இதழ் திறந்து மூடுகிறது, ரத்தம் பீறிட்டு ஓடுகிறது. நின்ற படகில்தான் சிப்பி ஒட்டும், ஓடுகிற படகில் ஒட்டாது என்று எங்கள் அப்பா சொல்வார். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி அந்த ஓட்டத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க அவன் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

தரமணி லேப் | வெள்ளி, இரவு 11.02

அக்கா, உங்கள் கேள்விதான் இந்த நோயின் மையக் கேள்வி. நான் பாக்டீரியாவின் மேற்பரப்புப் புரதங்களில் ஆராய்ச்சி செய்கிறவள். மருத்துவர் இல்லை. அதனால் சிகிச்சையைப் பற்றிப் பேச மாட்டேன், ஒட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பா சொன்னது சரி. நல்ல வால்வின் மேல் பளபளவென்று ஒரு உயிரணுப் படலம் இருக்கிறது. அதில் வாய்க் கிருமி சாதாரணமாக ஒட்டுவதில்லை. ஆனால் தம்பியின் வால்வு தடித்துச் சுருங்கிய வால்வு. மூடும்போது இடுக்கு விழுந்து ரத்தம் பின்னால் பீய்ச்சும். பீய்ச்சுகிற இடத்தை ஒட்டியே சுழல் விழுந்து, அழுத்தம் குறைந்த ஓரம் ஒன்று இருக்கும். அந்த ஓரத்தில் படலம் உரியும். உரிந்த இடத்தை அடைக்க உடம்பு ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டையும் ஃபைப்ரின் நூலையும் கொண்டுவந்து ஒரு சின்னப் பொருக்கு கட்டுகிறது. முழங்காலில் சிராய்த்தால் பொருக்கு கட்டுமே, அதே வேலைதான். இதுவரை கிருமி வரவே இல்லை, கவனியுங்கள்.

இனிமேல்தான் கிருமி. பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூடக் கொஞ்சம் வாய்க் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. எனக்கும் கலக்கின்றன, உங்களுக்கும் கலக்கின்றன. பெரும்பாலும் சில நிமிடங்களில் உடம்பு வடிகட்டிவிடும். ஆனால் வழியில் அப்படி ஒரு பொருக்கு இருந்தால்?

வயல் வரப்பில் நடந்துவிட்டு வந்தால் வேட்டி ஓரத்தில் ஒட்டுப்புல் ஏறியிருக்கும். மணலையும் தூசியையும் உதறினால் போய்விடும், ஒட்டுப்புல் போகாது. அதற்கு முள் இருக்கிறது, துணியில் மாட்டிக்கொள்ள நூல் இருக்கிறது. பாக்டீரியாவின் உடம்பைச் சுற்றி நிற்கும் புரதங்கள் அந்த முள், பொருக்கில் இருக்கும் ஃபைப்ரினும் பிளேட்லெட்டும் அந்த நூல்.

தம்பிக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வால்வைத் தாக்கும் இன்னொரு கிருமி வகையான ஸ்டெஃபிலோகாக்கஸ் இரண்டும் இந்தப் புரதங்களைத் தங்கள் சுவரில் தைத்து வைக்கும் விதம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். உள்ளே தயாராகும் புரதத்தின் வால் முனையில் ஐந்து அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு முத்திரை இருக்கும். அது வெளியே வரும்போது சார்ட்டேஸ் என்ற நொதி அந்த முத்திரையைப் பார்த்து, நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே வெட்டி, வெட்டிய முனையைச் செல்சுவரோடு சேர்த்துத் தைத்துவிடும். கத்தரியும் ஊசியும் ஒரே கையில். ஓலாஃப் ஷ்னீவிண்ட் குழுவினர் 1999-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட புரதங்களைத் தைத்து வைத்திருக்கிறது.

எக்கோ மேஜை | சனி, காலை 6.40

நான் பதினோரு வருடமாக எக்கோ எடுக்கிறேன். அக்கா கேட்டதைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன், அதனால் எழுதத் தோன்றியது.

திரையில் வால்வு இதழ் வெள்ளைக் கோடாகத் தெரியும். கொடியில் காயும் துணி காற்றுக்கு அசைவதுபோல ஒழுங்காகத் திறந்து மூடும். வெஜிடேஷன் இருந்தால் அந்தக் கோட்டின் நுனியில் பஞ்சு மாதிரி ஒன்று தொங்கும். இதழ் ஒரு பக்கம் போனால் அது கொஞ்சம் தாமதித்துத் தன் போக்கில் இன்னொரு பக்கம் ஆடும். மைட்ரலில் ரத்தம் பின்னால் பீய்ச்சுகிற மேல் அறைப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும், தரமணி லேப் சொன்ன அதே ஓரம். முதல் தடவை பார்த்தபோது "இந்த அடிக்கு இது ஏன் பிய்ந்து போகவில்லை?" என்றுதான் எனக்கும் தோன்றியது. சில சமயம் பிய்ந்து போகத்தான் செய்கிறது. மூளைக்குப் போனால் பக்கவாதம். அளவு 10 மி.மீ.யைத் தாண்டினால் டாக்டர்கள் அதிகமாகக் கவலைப்படுவது அதனால்தான்.

அக்கா, பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. தம்பிக்குப் பேச்சு குளறினாலோ, வாய் கோணினாலோ, கை கால் திடீரென்று பலமிழந்தாலோ, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மைக்ரோ டியூட்டி | சனி, காலை 9.25

தரமணி லேப் எழுதியதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். படம் அழகாக இருக்கிறது, ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸுக்குப் பொருந்தும் அளவுக்கு அது சாங்குவினிஸுக்குப் பொருந்தாது. நான் கல்ச்சர் பெஞ்சில் இருக்கும் மருத்துவர்.

சாங்குவினிஸிடம் பிளேட்லெட்டைப் பிடிக்கும் எஸ்ஆர்பிஏ என்ற புரதம் இருக்கிறது. பிளேட்லெட்டின் மேல் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை தொங்கும், அதைத்தான் பிடிக்கும். நெருங்கிய உறவான கோர்டோனியில் இதே வகைப் புரதத்தை நீக்கியபோது எலிகளில் வால்வுத் தொற்று குறைந்தது. இதுவரை உங்கள் கதைப்படிதான். ஆனால் 2009-இல் வெளிவந்த ஆய்வில் சாங்குவினிஸின் சுவர்ப் புரதங்களை ஒவ்வொன்றாக நீக்கி முயல்களில் பார்த்தார்கள். எந்த ஒன்றை நீக்கியும் தொற்று பெரிதாகக் குறையவில்லை. நீங்கள் சொன்ன சார்ட்டேஸையே நீக்கியபோதும் லேசாகத்தான் குறைந்தது. ஒட்டுப்புல்லின் முள்ளை எல்லாம் பிடுங்கியும் அது வேட்டியில் ஏறுகிறது.

எதை நீக்கினால் தொற்று படுத்துவிடுகிறது தெரியுமா? எஸ்எஸ்ஏபி என்ற வேறொரு மேற்பரப்புப் புரதம். அது சுவரில் தைத்ததில்லை, உள்ளே இருக்கும் சவ்வில் கொழுப்பு வாலால் பொருந்தி நிற்பது. அதன் வேலை ரத்தத்திலிருந்து மாங்கனீஸை உள்ளே இழுப்பது. இந்தக் குடும்பப் புரதங்களை முதலில் ஒட்டும் புரதங்கள் என்றே நினைத்தார்கள். இன்னொரு உறவான பாராசாங்குவினிஸில் அதற்கு ஃபிம்ஏ என்று பெயர் வைத்து, அதையே தடுப்பூசியாக எலிகளுக்குப் போட்டுப் பாதுகாப்பும் கிடைத்தது. அப்புறம்தான் உண்மையான வேலை மாங்கனீஸ் சேகரிப்பு என்று தெளிவானது. ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம், மாங்கனீஸ் மிகக் குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் சுரண்டி எடுக்கத் தெரிந்தால்தான் அங்கே பிழைக்க முடியும். ஒட்டினால் மட்டும் போதாது, ஒட்டிய இடத்தில் சோறும் கிடைக்க வேண்டும்.

தரமணி லேப் | சனி, காலை 10.10

ஒத்துக்கொள்கிறேன். சாங்குவினிஸ் பற்றிக் கேட்ட இடத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸை மனதில் வைத்து எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னது கதையைக் கெடுக்கவில்லை, கூட்டித்தான் கொடுக்கிறது.

ஆனால் பிடிக்கும் புரதங்களைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. என்னை இந்தத் துறைக்கு இழுத்ததே லாக்டோகாக்கஸ் லாக்டிஸை வைத்துச் செய்த ஒரு சோதனைதான். பாலைப் புளிக்க வைக்கும் கிருமி அது. தயிரிலும் மோரிலும் இருக்கும், சாதுவான ஜீவன். எலியின் ரத்தத்தில் விட்டாலும் வால்வில் எளிதில் தொற்றாது. அதற்குள் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் ஒரே ஒரு மேற்பரப்புப் புரதத்துக்கான மரபணுவை வைத்தார்கள். ஒரு வகையில் ஃபைப்ரின் நூலாக மாறும் ஃபைப்ரினோஜனைப் பிடிக்கும் கிளம்பிங் ஃபேக்டர் ஏ, இன்னொரு வகையில் ஃபைப்ரோநெக்டின் என்ற நம் உடம்புப் புரதத்தைப் பிடிக்கும் புரதம். அவ்வளவுதான் மாற்றம். விஷம் சேர்க்கவில்லை, வேறு எதுவும் சேர்க்கவில்லை. மோர்க் கிருமி வால்வில் தொற்ற ஆரம்பித்துவிட்டது.

2005-இல் அதே வரிசையில் வந்த ஆய்வு இரண்டு வேலைகளையும் பிரித்துக் காட்டியது. ஃபைப்ரினோஜனைப் பிடிப்பது கரையேற உதவுகிறது. ஃபைப்ரோநெக்டினைப் பிடிப்பது வீட்டுக்குள் நுழைய உதவுகிறது, அதாவது வால்வின் உயிரணுவுக்கு உள்ளேயே. நம் உயிரணுவும் ஃபைப்ரோநெக்டினைப் பிடிக்கும், கிருமியும் பிடிக்கும். நடுவில் பாலம் விழுந்ததும் உயிரணு தானே கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆரியஸ் நல்ல வால்வையே தாக்குவதற்கும் சில நாட்களிலேயே அரித்துவிடுவதற்கும் இது ஒரு காரணம். தம்பிக்கு வந்திருப்பது அது இல்லை. இது மெதுவானது. அந்த வகையில் கொஞ்சம் ஆறுதல்.

குரோம்பேட்டை அப்பா | சனி, மதியம் 1.30

என் மகளுக்கு 14 வயது, ருமாட்டிக் வால்வு. 21 நாளுக்கு ஒரு தடவை பெனிடியூர் போடுகிறோம். ஊசி போட்ட அன்றைக்கு நடக்கவே முடியாது, அழுவாள். இந்தச் சகோதரி எழுதியதைப் படித்ததிலிருந்து நெஞ்சு படபடக்கிறது. ஊசியை விட்டதால்தான் அந்தத் தம்பிக்கு இப்படி ஆனதா?

காசிமேடு அக்கா | சனி, மதியம் 1.52

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன், கேட்கத் தைரியம் வரவில்லை. 18 வயதில் அவனை அதட்டி ஊசி போட வைத்திருந்தால் இது வந்திருக்காது என்று தினமும் தோன்றுகிறது.

மைக்ரோ டியூட்டி | சனி, மாலை 4.05

இரண்டு பேருக்கும் சேர்த்து, நேராகச் சொல்கிறேன். அந்த ஊசி இந்த நோய்க்கான ஊசி இல்லை.

ருமாட்டிக் காய்ச்சலைக் கிளப்புவது தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ். அதன் மேலும் சுவரில் தைத்த ஒரு புரதம் இருக்கிறது, எம் புரதம். ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு 1928-இல் விவரித்தது. அந்தப் புரதத்தின் சில பகுதிகள் இதயத் தசையில் இருக்கும் மயோசின் போலவே இருக்கின்றன. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் ஆள் மாறாட்டத்தில் சொந்த வால்வையே தாக்குகிறது. அதாவது கிருமி வால்வுக்கு வரவே இல்லை, தொண்டையிலேயே இருந்துகொண்டு வால்வைக் கெடுத்துவிடுகிறது. பெனிடியூர் ஊசி அந்தத் தொண்டைக் கிருமி மறுபடி வராமல் தடுப்பதற்கு. வாயிலிருந்து சாங்குவினிஸ் வால்வுக்குப் போவதைத் தடுக்க அது போடப்படுவதில்லை.

ஆகவே அக்கா, ஊசியை விட்டதால் இந்தத் தொற்று வந்தது என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் ஊசியை விட்டதும் சரியில்லை. தொண்டைக் கிருமி ஒவ்வொரு தடவை வரும்போதும் வால்வு இன்னும் கெடும். வால்வில் பாதிப்பு இருப்பவர்களுக்கு 40 வயது வரையாவது ஊசி தொடர வேண்டும் என்பதுதான் பொதுவான பரிந்துரை. குரோம்பேட்டை அண்ணா, மகள் அழுதாலும் விட்டுவிடாதீர்கள். வலி குறைய என்ன செய்யலாம் என்று அவளுடைய டாக்டரிடமே கேளுங்கள், வழி இருக்கிறது.

இன்னொன்று. தம்பியின் முதல் கல்ச்சர் வளராமல் போனதற்கு அந்த மூன்று மாத்திரைகள் காரணமாக இருந்திருக்கலாம். மாத்திரை ரத்தத்தில் மிதக்கும் கிருமிகளைக் கொஞ்சம் அடக்கும், வால்வுக்குள் இருப்பதைத் தொடாது. குப்பியில் ஒன்றும் வளராது, வால்வில் வளர்ந்துகொண்டே இருக்கும். வால்வுக் கோளாறு இருப்பவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்னால் மூன்று தடவை தனித்தனியாகக் குத்தி ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். இதை எங்கள் பெஞ்சுக்கு வரும் ஒவ்வொரு காலிக் குப்பியையும் பார்க்கும்போது சத்தம்போட்டுச் சொல்லத் தோன்றும்.

பெரம்பூர் பல் | சனி, இரவு 8.20

பல் மருத்துவராக என் பங்கு. முன்பு ருமாட்டிக் வால்வு என்றாலே பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் கொடுப்போம். 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதைச் சுருக்கியது. செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கெனவே ஒரு தடவை இந்தத் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் என்று அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும். காரணம் தரமணி லேப் எழுதியதுதான். வருடத்தில் ஒரு தடவை பல் பிடுங்கும்போது போகும் கிருமியைவிட, ஈறு வீங்கிய வாயில் தினமும் துலக்கும்போதும் மெல்லும்போதும் போகும் கிருமி மொத்தத்தில் அதிகம்.

அக்கா, தம்பி இப்போது அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டார். இனி வாழ்நாள் முழுக்க, பல் பிடுங்குவதற்கும் ஈறைத் தொடும் எந்த வேலைக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை இதய டாக்டர் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டை பர்ஸிலேயே வைத்திருக்கட்டும். அவர் வாயைப் பார்த்தீர்களா? துலக்கும்போது ரத்தம் வருகிறதா?

காசிமேடு அக்கா | சனி, இரவு 9.05

வருகிறது டாக்டர். ரொம்ப நாளாக. வெற்றிலை பாக்கு போடுவதால் என்று நினைத்தோம். கீழே கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து வேர் மட்டும் இருக்கிறது. யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

பெரம்பூர் பல் | சனி, இரவு 9.12

அதை நாளைக்கே வார்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அண்ணா நகர் கணேஷ் | ஞாயிறு, காலை 7.50

படிக்கப் படிக்க ஒரே கேள்விதான் எனக்கு. எந்தப் புரதத்தால் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டதே, அதற்கு எதிராகத் தடுப்பூசி போட்டுவிட்டால் முடிந்ததே?

தரமணி லேப் | ஞாயிறு, காலை 9.30

முயன்றார்கள். ஆரியஸின் மேல் இருக்கும் ஐஎஸ்டிபி என்ற இரும்பு சேகரிக்கும் புரதத்தை வைத்து ஒரு தடுப்பூசி செய்து, இதய, மார்பு அறுவை சிகிச்சைக்குப் போகிற சுமார் 8,000 பேரிடம் சோதித்தார்கள். 2011-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. தொற்றைத் தடுக்கவில்லை. அதைவிட மோசம், ஊசி போட்டுக்கொண்டும் தொற்று வந்தவர்களில் இறந்தவர்கள் அதிகம். அப்புறம் கிளம்பிங் ஃபேக்டர் ஏ உட்பட நான்கு பொருள்களைச் சேர்த்த தடுப்பூசியை முதுகெலும்பு அறுவை நோயாளிகளிடம் சோதித்தார்கள். அதுவும் 2018-இல் நின்றுபோனது.

இருபது முள்ளில் ஒன்றை மழுக்கினால் மற்றது பிடிக்கிறது. போதாததற்கு ஆரியஸிடம் இருக்கும் புரதம் ஏ நம் எதிர்ப்பொருளைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறது, வாலைப் பிடித்த பாம்பாட்டி மாதிரி. கடிக்கிற முனை கிருமியைப் பார்க்காது. இன்னும் முயல்கிறார்கள், நாங்களும் அதில் ஒரு மூலையில் இருக்கிறோம். ஆனால் இன்றைக்குக் கையில் இருப்பது நாலு முதல் ஆறு வாரம் நரம்பு வழியாக ஏற்றும் மருந்துதான், தேவைப்பட்டால் அறுவை. ஒரு கிராம் வெஜிடேஷனில் நூறு கோடி முதல் ஆயிரம் கோடி வரை கிருமிகள் இருக்க முடியும். வெள்ளையணுக்களால் ஃபைப்ரினைத் தாண்டி உள்ளே போக முடிவதில்லை. உள்ளே இருக்கும் கிருமிகள் மெதுவாகத்தான் பெருகுகின்றன, பெருகும் கிருமியைத்தான் பெனிசிலின் வகை மருந்து நன்றாகக் கொல்லும். அதனால்தான் இத்தனை நாள்.

அக்கா, உங்கள் முதல் கேள்விக்கு நேர் பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. தம்பியின் கிருமியில் இல்லை, ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற வேறொரு கிருமியில், அதன் ஒரு புரதம் ஃபைப்ரினோஜனை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். ஃபைப்ரினோஜனின் வால் புரதத்தின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நுழைகிறது, மேலே ஒரு பட்டை மடிந்து தாழ்ப்பாள் போடுகிறது. மியூனிக் குழுவினர் 2018-இல் அந்தப் பிடியை இழுத்து அளந்தார்கள். 2 நானோநியூட்டன் இழுவிசைக்கும் மேல் தாங்கியது, உயிரியலில் அளந்த பிடிகளில் அத்தனை வலுவானது அதுவரை இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், யாரும் இழுக்காமல் சும்மா விட்டால் அதே பிடி சுமாரானதுதான், தானே விட்டுவிடும். இழுக்கும்போதுதான் இறுகுகிறது. ரத்தம் அடித்துக்கொண்டு போகாது, அடிக்கிற அடியே அதைப் பூட்டுகிறது.

காசிமேடு அக்கா | புதன், இரவு 9.40

இத்தனை பேர் எழுதியதையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் இருந்ததைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "சுருக்கு முடிச்சுக்கா" என்றான். டிரிப்ஸ் ட்யூபை விரலில் சுற்றிப் போட்டுக் காட்டினான். "படகு இழுக்க இழுக்க இறுகும். அவுக்கணும்னா இழுக்கக் கூடாது, கயித்தை உள்ள தள்ளித் தளர்த்தணும்." அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அதான் நாலு வாரமா" என்றான்.

பல் பிரிவில் நேற்று பார்த்தார்கள். வேரை வெள்ளிக்கிழமை எடுக்கிறார்கள், முன்னால் மருந்து கொடுத்துத்தான். மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை. மறுபடி எடுத்த கல்ச்சரில் இதுவரை எதுவும் வளரவில்லை. வெஜிடேஷன் அப்படியேதான் இருக்கிறது, 9 மி.மீ. இன்னும் 16 ஊசி பாக்கி.

எக்கோ மேஜை | புதன், இரவு 10.05

கிருமி செத்த பிறகும் அந்தப் பஞ்சு ரொம்ப நாள் திரையில் தெரியும் அக்கா. அளவு குறையவில்லையே என்று மனம் தளர வேண்டாம். 16 முடியட்டும்.